தண்டவாளம் காட்டிக் கொடுக்கும்

பரணில் கிடக்கும் பழைய பொம்மை ரயிலின் ஊர், வயது, வோல்டேஜ் எல்லாம் எஞ்சினைவிட அது ஓடிய பாதையில்தான் தெளிவாகப் பதிந்திருக்கிறது. இரண்டு கேஜ்களோடு ஒரு நூற்றாண்டு வாழ்ந்த சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு இது புரியாத பாஷை அல்ல.

போகிக்கு முந்தைய வாரம் பரண்களுக்குப் போதாத காலம். கரையான் அரித்த பஞ்சாங்கம், வால்வ் ரேடியோ, கைப்பிடி இல்லாத குடை என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். சித்தூர், பாகாலா, ரேணிகுண்டா, திருப்பதி என்று ரயிலோடு சேர்ந்து வளர்ந்த ஊர்களில், ரயில்வேக் குடும்பம் குடியிருந்த வீடாக இருந்தால், அந்தக் குவியலில் ஓர் அட்டைப் பெட்டியும் வரக்கூடும். உள்ளே சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின் ஒன்று, வர்ணம் உதிர்ந்த இரண்டு மூன்று பெட்டிகள், அடியில் துருவேறிய வளைந்த தகரத் துண்டுகள். பிறகு நடப்பதை யாரும் ஊகிக்கலாம். எஞ்சினைத் துடைத்து ஷோகேஸில் வைப்பார்கள். தகரத் துண்டுகள் காயலான் கடைக்காரரின் தராசுக்குப் போகும். கிலோ கணக்கில் சில ரூபாய்.

போனது வெறும் தகரம் இல்லை. எஞ்சினுக்கு யார் வேண்டுமானாலும் புது வர்ணம் அடிக்கலாம், சக்கரத்தை மாற்றலாம், ஒரு கம்பெனியின் பெயரை ஒட்டலாம். பழைய பொம்மைச் சந்தையில் இதெல்லாம் தினமும் நடக்கிற வேலை. தண்டவாளத் துண்டுக்குப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அதற்கு விலை குறைவு என்பதுதான் காரணம். அந்த அலட்சியமே அதை நம்பகமான சாட்சியாக்கி விட்டது. எந்த நாட்டில் செய்தது, எந்தக் காலத்தது, சாவியில் ஓடியதா மின்சாரத்திலா, மின்சாரமென்றால் ஏ.சி.யா டி.சி.யா என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பாதையில் பதில் இருக்கிறது. கடைசிக் கேள்வியைத் தவறாக ஊகித்தால் ஷோகேஸில் இருக்கும் எஞ்சின் புகைந்து போகும் என்பதால், இது சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்கு விஷயம் மட்டுமல்ல.

பெரிய லைன், சின்ன லைன்

பாதையைப் பார்த்து ரயிலைச் சொல்வது இந்த வட்டாரத்துக்குப் பழகிய சங்கதி. மதராஸ் ரயில்வேயின் அகலப் பாதை 1862-ல் ரேணிகுண்டாவை எட்டியது. 1871-ல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு அது இணைந்தது. சவுத் இந்தியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பின்னால் வந்தது. 1880-களின் கடைசியிலும் 1890-களின் தொடக்கத்திலும் கூடூர், திருப்பதி, பாகாலா, சித்தூர், காட்பாடி, விழுப்புரம் என்று ஒரு கிளையும், பாகாலாவிலிருந்து தர்மாவரம் நோக்கி இன்னொரு கிளையுமாக அது நீண்டது. சென்னையிலிருந்து ஏழுமலையானைப் பார்க்க வருகிறவர்கள் அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகப் பெரிய லைனில் வந்தார்கள். கடலூர், தஞ்சாவூர்ப் பக்கத்து பக்தர்களுக்கு விழுப்புரத்திலிருந்து வேலூர், சித்தூர், பாகாலா வழியாகச் சின்ன லைன். காட்பாடிக்கும் சித்தூருக்கும் நடுவே பொம்மசமுத்திரம் என்றொரு ஸ்டேஷன்கூட உண்டு. பெயர்க் காரணம் எதுவாக இருந்தாலும், ஜன்னலோரக் குழந்தைகள் அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஒரு முறை சிரித்திருப்பார்கள்.

பெரிய லைனில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,676 மில்லிமீட்டர். சின்ன லைனில் 1,000. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும். சரக்கைக் கூலியாட்கள் ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு மாற்ற வேண்டும். இந்தத் தொல்லையை ஒழிக்க 1992-ல் நாடு முழுவதும் ஒரே கேஜ் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இந்த வட்டாரத்தின் சின்ன லைன் முழுவதும் அகலமாகிவிட்டது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானபோது, அதன் எல்லைக்குள் மீட்டர் கேஜில் ஓடும் ரயில் ஒன்றுகூட இல்லை. பெயர்த்தெடுத்த தண்டவாளங்கள் ஏலத்துக்கும் உருக்காலைக்கும் போயின. தப்பியவை வேலிக் கம்பமாகவும் கூரை தாங்கும் தூணாகவும் நிற்பவை.

அப்படி நிற்கும் பழைய தண்டவாளம் எதையும் சற்றுக் குனிந்து பார்த்தால், நடுப்பட்டையில் புடைத்த எழுத்துகள் தெரியும். உருட்டிய ஆலையின் பெயர், உருட்டிய வருஷம், ஒரு கெஜத்துக்கு இத்தனை பவுண்டு என்ற எடை. இரும்பு சூடாக இருக்கும்போதே உருளையில் பதிந்த எழுத்து அது. நூறு வருஷ மழையில் நனைந்த பின்னும் விரலால் தடவிப் படிக்கலாம். அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் குட்டித் தண்டவாளத்திலும் இதே மாதிரியான தடயங்கள் உண்டு. கொஞ்சம் மறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் ஸ்கேல்

பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் போதும். தண்டவாளங்களின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு அளக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் வந்தால் அது ஒன்றாம் நம்பர் கேஜ். பெரும்பாலும் பழைய ஜெர்மன் சரக்கு, அல்லது தோட்டத்தில் ஓட்டுவதற்கென்று பிற்காலத்தில் வந்தது. 32 என்றால் ஓ கேஜ். பரண்களில் கிடைக்கும் தகரப் பாதையில் அதிகம் இதுதான். 22.5 என்றால் எஸ் கேஜ். 1946-க்குப் பின் அமெரிக்கன் ஃப்ளையர் கம்பெனி பரப்பியது. 16.5 என்றால் ஹெச்.ஓ. அல்லது டபிள்யோ. 12 என்றால் டி.டி. வெறும் 9 மில்லிமீட்டர் என்றால் என் கேஜ். அது 1960-களுக்கு முன்னால் கடைக்கு வந்ததில்லை என்பதால், தாத்தா சின்ன வயதில் விளையாடியது என்று யாராவது சொன்னால் தாத்தாவின் வயதை ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த நம்பர்களுக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி. 1891-ல் லைப்சிக் சந்தையில் தன் ரயில்களை வைத்தபோது, பாதையின் அகலத்துக்கு வரிசை எண் கொடுத்தது. சித்தூர்ப் பக்கம் சின்ன லைன் போடப்பட்டுக்கொண்டிருந்த அதே காலம். அதுவரை பொம்மை ரயில் வாங்கினால் அதோடு வந்த பாதையில் மட்டுமே ஓட்ட முடியும். எண் வந்த பிறகு, இந்த வருஷம் எஞ்சின், அடுத்த வருஷம் நாலு துண்டு பாதை என்று சேர்க்கலாம். பொம்மை ரயில் ஒரு வியாபாரமாக வளர்ந்ததற்கு எஞ்சின் மட்டும் காரணம் இல்லை.

எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் சிக்கல். மெர்க்லின் ஆட்கள் ஒரு தண்டவாளத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு அளந்தார்கள். அமெரிக்காவில் லயனல் கம்பெனி 1906-ல் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு அங்குலமும் எட்டில் ஒன்றும் வைத்து ஒரு பாதையைக் கொண்டுவந்தது. ஜெர்மன் அளவை உள்பக்க அளவு என்று தப்பாகப் படித்ததால் வந்த வினை என்று சேகரிப்பாளர்கள் நடுவே ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, லயனல் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்டாண்டர்ட் கேஜ்’. வேறு யாருடைய பாதைக்கும் பொருந்தாத ஒன்றுக்கு இந்தப் பெயர்! நம் ஊரிலும் இதற்கு ஈடான கதை உண்டு. 1870-ல் வைஸ்ராய் மேயோவின் காலத்தில் சிக்கனப் பாதைக்கு முதலில் மூன்றேகால் அடி என்று பேசினார்கள். இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறப் போகிறது என்ற நம்பிக்கையில் அதைச் சரியாக ஒரு மீட்டராக்கினார்கள். மெட்ரிக் முறை வர 1950-கள் ஆயின. அதற்குள் மீட்டர் கேஜ் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது கம்பி எதற்கு?

அளந்து முடித்ததும் தண்டவாளங்களை எண்ண வேண்டும். இரண்டா, மூன்றா?

நிஜ ரயிலில் மூன்று தண்டவாளம் என்றால் ரயில்வேக்காரர்களுக்கு அர்த்தம் வேறு. அகல வண்டியும் மீட்டர் வண்டியும் ஒரு தண்டவாளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் கலப்புப் பாதை அது. மூன்றாவது கம்பி ஒரு ஓரமாகத் தள்ளி இருக்கும். ஊட்டி மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, நடுவில் பல் வைத்த பட்டைகள் ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறும். பொம்மை ரயிலில் சரியாக நட்டநடுவில் வழுவழுப்பான மூன்றாவது கம்பி இருந்தால் அது மின்சாரத்துக்கானது. எஞ்சினின் அடியில் உள்ள உருளையோ பட்டையோ அதைத் தொட்டுக்கொண்டு போகும். சுற்று ஓரத் தண்டவாளங்கள் வழியாக முடியும். நடுக்கம்பி கட்டையைத் தொடும் இடத்தில் கறுப்பாகவோ காவியாகவோ ஒரு துண்டு காகித அட்டை செருகியிருப்பார்கள். அதுதான் இன்சுலேஷன். அது உதிர்ந்திருந்தால் பாதை முழுவதும் ஷார்ட்.

தகரத்தில் இரண்டே தண்டவாளம், கட்டையும் தகரம், இடையில் எந்த இன்சுலேஷனும் இல்லை என்றால் அது சாவி ரயிலின் பாதை. 1920-ல் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி தொடங்கிய ஓ கேஜ் ரயில்கள் இந்த ரகத்தில் புகழ்பெற்றவை. மெக்கானோ என்ற திருகு, பட்டை விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் அவரே. தகரத்தை உருட்டிக் குழாய் போலாக்கிய தண்டவாளம், துண்டுக்குச் சில தகரக் கட்டைகள், முனையில் அடுத்த துண்டுக்குள் நுழையும் கம்பி முளை. அமெரிக்க லயனல் பாதையும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான், ஆனால் மூன்று கம்பி.

லயனலுக்குள்ளேயே ஒரு குழப்பம் உண்டு. ஓ, ஓ-27 என்று இரண்டு ரகம். இரண்டிலும் அகலம் ஒன்றே, எஞ்சினும் பெரும்பாலும் இரண்டிலும் ஓடும். ஆனால் துண்டுகள் சேராது. ஓ ரகத்தின் உயரம் பதினாறில் பதினொன்று அங்குலம், ஏறத்தாழ பதினேழரை மில்லிமீட்டர். ஓ-27 பதினாறில் ஏழு, சுமார் பதினொன்று. விலை குறைந்த செட்டுகளில் வந்தது இந்தக் குள்ள ரகம். 27 என்பது வட்டத்தின் குறுக்களவு அங்குலத்தில். நீளமான எஞ்சினை அந்த வளைவில் விட்டால் திரும்பத் திணறும். 1957-ல் லயனல் ‘சூப்பர் ஓ’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் கட்டைகள் நெருக்கமாக, நடுக்கம்பி கத்தி முனை போல மெல்லிய செம்பு. அழகில் அதற்கு ஈடில்லை. பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஜெர்மன் மெர்க்லினின் 16.5 மில்லிமீட்டர் பாதைதான் அதிகம் பேரை ஏமாற்றும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டே தண்டவாளம். சரளைக் கல் போல வர்ணம் அச்சடித்த உலோக அடித்தளம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி தலை நீட்டும். மூன்றாவது கம்பி அந்தப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. 1950-களுக்கு முந்தைய மெர்க்லினில் நடுக்கம்பி முழுசாகவே தெரியும். ஆகவே புள்ளியா கம்பியா என்று பார்த்தாலே காலம் பிடிபட்டுவிடும். இதே அகலத்தில் 1935-ல் வந்த டிரிக்ஸ் ஒரு படி மேலே போனது. மூன்று தண்டவாளமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டவை. ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே ஓட்டலாம். அதன் பழைய பாதையைக் கறுத்த பேக்கலைட் அடித்தளத்தை வைத்துச் சொல்லிவிடலாம். கீழே போட்டால் பீங்கான் போல உடையும்.

கட்டையைப் பார், காலம் தெரியும்

பெரிய ரயிலில் பழகியவர்கள் தண்டவாளத்தைவிடக் கட்டையைத்தான் முதலில் பார்ப்பார்கள். கவிழ்த்த சட்டி மாதிரி வார்ப்பிரும்பு, இரண்டு தட்டை நடுவே ஒரு பட்டையால் இணைத்த சி.எஸ்.டி.-9, மரம், எஃகுத் தொட்டி, கடைசியில் கான்கிரீட் என்று கட்டை மாறிய வரிசையே ரயில்வேயின் சரித்திரம். பொம்மையிலும் அதே மாதிரிதான். தகரம், தகர அடித்தளம், பேக்கலைட், பிளாஸ்டிக்.

1938-ல் வந்த ஹார்ன்பி டபிள்யோவை எடுத்துக்கொள்ளலாம். சரளையும் கட்டையும் வர்ணமாக அச்சடித்த தகரத் தளம், அதன் மேல் மூன்று தண்டவாளம். 1959-ல் அதே கம்பெனி தகரத் தளத்தைக் கைவிட்டு, பிளாஸ்டிக் கட்டையில் இரண்டே தண்டவாளம் வைத்தது. வேகமாக வளர்ந்த போட்டிக்காரர் டிரையாங் இரண்டு தண்டவாளத்தோடுதான் பிறந்தது. அதன் ஆரம்பக் கால பாதை சாம்பல் நிறச் சரளைத் தளத்தோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக். 1960-களின் தொடக்கத்தில் வந்த ‘சூப்பர் 4’-ல் தளம் போய்க் கட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன, தண்டவாளம் மட்டும் தடியாக, உயரமாக இருந்தது. 1970 வாக்கில் வந்த ‘சிஸ்டம் 6’-ல் அதுவும் மெலிந்தது. இதற்கிடையே 1964-ல் டிரையாங்கின் சொந்தக்காரர்களே ஹார்ன்பியை வாங்கிவிட்டார்கள். பெட்டியில் இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் அது அதற்குப் பிந்தையது.

மெலிந்த தண்டவாளத்தில் ஒரு வில்லங்கம். பழைய எஞ்சின் சக்கரங்களின் விளிம்பு ஆழமானது. புதிய பாதையில் விட்டால் விளிம்பு கட்டையின் மேல் தட்டித் தட்டி, மாட்டு வண்டி பாறையில் போகிற மாதிரி குதித்துக்கொண்டே போகும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரித்துப் போட்டவர்கள் பலர். கெட்டது எதுவும் இல்லை. பாதை மாறிவிட்டது.

வளைவுத் துண்டு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் சேதி உண்டு. காகிதத்தில் வைத்து இரண்டு முனையையும் குறித்து, பாகைமானியால் அளந்து பார்க்கலாம். 45 பாகை என்றால் எட்டுத் துண்டில் ஒரு வட்டம். லயனலின் இரண்டு ரகமும், ஹார்ன்பி டபிள்யோவும் அப்படி. 30 பாகை என்றால் பன்னிரண்டு துண்டு. ஹார்ன்பி ஓ கேஜின் இரண்டடி ஆரமுள்ள பெரிய வளைவு அது. 60 பாகை வந்தால் ஆறே துண்டு. குழந்தைகளுக்கான விலை குறைந்த சாவி ரயிலின் இறுக்கமான வட்டம்.

காந்தமும் முத்திரையும்

அடுத்த சோதனைக்கு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் போதும். தண்டவாளம் ஒட்டிக்கொண்டால் எஃகு அல்லது தகரம். ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல் வெளுப்பாக மின்னினால் நிக்கல் சில்வர். அதில் வெள்ளி துளிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. பூஜைத் தட்டு விற்கும் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்வது இதையேதான். விலை பேசும்போது ‘சில்வர் டிராக்’ என்று ஒருவர் குரலை உயர்த்தினால் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். பித்தளையும் நிக்கல் சில்வரும் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய, சின்ன கேஜ் பாதைகளில் வருபவை. காற்றில் கறுக்கும், ஆனால் துருப்பிடிக்காது.

பிறகு கட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முத்திரை பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். ‘யு.எஸ். ஜோன், ஜெர்மனி’ என்று இருந்தால் 1945-க்கும் 1949-க்கும் இடைப்பட்ட ஆக்கிரமிப்புக் காலத்தது. ‘வெஸ்டர்ன் ஜெர்மனி’ என்றால் அதற்குப் பிந்தையது. ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்றால் 1952-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது. தோற்ற நாடுகளின் அரசியல் ஒரு தகரக் கட்டையில் இத்தனை துல்லியமாகப் பதிந்திருப்பது விசித்திரம்தான்.

இந்திய வீடுகளில் கிடைக்கும் பெட்டிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1950-களின் பிற்பாதியில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்தது. அளவுக் கட்டுப்பாடுகள் முழுசாக விலக 2001 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டுப் பொம்மை ரயில் கடை வழியாக வந்திருக்கும் வாய்ப்பு குறைவு. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போனது, கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது, அமெரிக்கா போன அண்ணன் சூட்கேஸில் அடைத்துக் கொண்டுவந்தது என்று ஏதாவதொரு கை இருக்கும். அல்லது பழைய சாமான்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட், 1985-ல் தீக்கிரையாகும் முன். பாதையின் வயதும் வீட்டுக் கதையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில் ஒரு துப்பறியும் சுகம் இருக்கிறது.

பிளக்கில் செருகும் முன்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. லயனல், மெர்க்லின், பழைய டிரிக்ஸ் மூன்றும் ஏ.சி.யில் ஓடுபவை. ஹார்ன்பி டபிள்யோ மூன்று தண்டவாளமாக இருந்தும் 12 வோல்ட் டி.சி. டிரையாங்கும் டி.சி. போருக்கு முந்தைய ஹார்ன்பி ஓ கேஜ் எலெக்ட்ரிக்கில் 6 வோல்ட்டும் உண்டு, 20 வோல்ட்டும் உண்டு. நிரந்தரக் காந்தம் வைத்த டி.சி. மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால் ஓடாது, உறுமும், சூடேறும், கருகும். மெர்க்லின் எஞ்சினின் சக்கரங்களுக்கு இடையே இன்சுலேஷன் இல்லை. அதை இரண்டு தண்டவாள டி.சி. பாதையில் வைத்த கணமே ஷார்ட் ஆகும்.

இன்னும் பெரிய அபாயம் பெட்டியோடு வந்த டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் சுமார் 120 வோல்ட், இங்கே 230. லயனல் டிரான்ஸ்ஃபார்மரை நம் பிளக்கில் நேராகச் செருகினால் எஞ்சினுக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு போகும், அதற்கு முன்பே டிரான்ஸ்ஃபார்மர் புகையும். அறுபது, எழுபது வருஷத்துப் பழைய வயரின் ரப்பர் உறை கையில் பொடியாக உதிரும் என்பது வேறு. 1920-களில் ஐரோப்பாவில் வீட்டு மின்சாரத்தையே ஒரு பல்ப் வழியாகத் தண்டவாளத்தில் பாய்ச்சிய பொம்மை ரயில்கள்கூட விற்பனையாகின. குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பிற்பாடு நிறுத்தினார்கள். அந்த ரகம் கையில் கிடைத்தால் ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிடுவதே புத்திசாலித்தனம். மற்றவற்றுக்குப் பாதையை வைத்து ரகத்தைத் தீர்மானித்த பிறகு, அதற்கேற்ற புது பவர் சப்ளையை விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கலாம்.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று, புளி. பித்தளை என்றதும் கை தானாகப் புளியைத் தேடும். குழாய்த் தகரப் பாதையில் புளித் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே வராது. உள்ளிருந்து அரிக்கும். உப்புத்தாளும் வேண்டாம். மேலே இருக்கும் மெல்லிய ஈயப்பூச்சைச் சுரண்டிவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு இரட்டிப்பாகும். எஃகு நார் இன்னும் மோசம். உதிரும் நூல்களை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஒரு மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, பொறுமை, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. தண்டவாளத்தின் மேல்பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் ரயில் ஓடப் போதும். நிஜ ரயிலிலும் சக்கரம் படுகிற இடம் மட்டும்தானே மின்னுகிறது.

பல ரகங்களை ஒரே இடத்தில் பார்த்துப் பழக வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் வசதி குறைவு. திருப்பதிக் கடைகளில் செஞ்சந்தன மரப்பாச்சி கிடைக்கும், தகர ரயில் கிடைக்காது. புனேயில் 1998-ல் திறக்கப்பட்ட ஜோஷியின் மினியேச்சர் ரயில்வே மியூசியத்தில் சின்ன ரயில்கள் ஒரு முழு ஊரையே சுற்றி ஓடுவதைப் பார்க்கலாம். குவாலியர் அரண்மனையின் சாப்பாட்டு மேஜையில் விருந்தாளிகளுக்குச் சுருட்டும் பிராந்தியும் சுமந்து போன வெள்ளி ரயில் அதன் பாதையோடு இன்னும் இருக்கிறது. சென்னைப் பெரம்பூரில் ஐ.சி.எஃப். ஒட்டிய ரயில் மியூசியம் நிஜ வண்டிகளுக்கானது. மீட்டர் கேஜுக்கும் பிராட் கேஜுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போதுமானது.

போகிக் குவியலுக்குத் திரும்பினால், பெட்டியின் அடியில் கிடந்த துண்டுகளை எடைக்குப் போடும் முன் தரையில் பரப்பிப் பார்க்கலாம். வளைவு ஏழு, நேர்த் துண்டு இரண்டு, ஓரம் நசுங்கிய பாயின்ட் ஒன்று. வளைவு 45 பாகை, உயரம் பதினேழரை மில்லிமீட்டர், நடுவில் கம்பி. வட்டம் முடிய ஒரே ஒரு துண்டுதான் குறைகிறது. ஒருவேளை அது இன்னும் பரணிலேயே, பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கிடக்கலாம்.